முதல் குறிப்பு பூமிகா போட்டுக்கு

நாகரத்தினம் குறுக்கெழுத்துப் போடுவதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "பொழுதுபோக்குக்குப் போடுறவங்க வீட்ல உக்காந்து போடுவாங்க. நான் கடலுக்குப் போடுறேன்" என்பாள். கேட்டவருக்கு ஒன்றும் புரியாது. புரியவைக்க அவளும் மெனக்கெட மாட்டாள். ஆகவே நாம்தான் சொல்லியாக வேண்டும்.

திருக்கடையூரில் இறங்கி, அறுபதாம் கல்யாணத்துக்கு மாலையும் கழுத்துமாக நிற்கும் ஜோடிகளை விலக்கிக்கொண்டு கிழக்கே போனால், கொஞ்ச தூரத்தில் வயல் முடிந்து மணல் தொடங்கும். அங்கே தாழையடி என்று ஒரு மீனவர் ஊர். பத்தொன்பது பைபர் போட்டுகள். கரையை ஒட்டி ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று, கூரைமேல் உயரமான கம்பம், உள்ளே ஒரு மேஜை, மேஜைமேல் வயர்லெஸ் செட். செல்போன் சிக்னல் விட்டுப்போகும் தூரத்திலும் போட்டுகளோடு பேசுவதற்காக ஊரார் சேர்ந்து வைத்தது. காலை ஆறிலிருந்து பத்து வரை அந்த மேஜை நாகரத்தினத்தின் ராஜ்ஜியம்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிளஸ் டூவில் அறிவியல் குரூப் படித்து, உயிரியலில் நல்ல மார்க் வாங்கி, நர்சிங் சேர விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தாள். அதை நிரப்புவதற்குள் கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது. அதற்காக அவள் உட்கார்ந்து அழுதவள் இல்லை. படித்ததை எங்கேயாவது கொட்டவேண்டுமே என்ற அரிப்பு மட்டும் விடவில்லை.

செட்டில் அவளுடைய வேலை காற்று எவ்வளவு, அலை எவ்வளவு உயரம், போகலாமா, திரும்பலாமா என்று ஏழு மணிக்கு வானிலை படிப்பது. அது வலையை விட்டுவிட்டு மிதந்துகொண்டு சும்மா காத்திருக்கும் நேரம். சும்மா இருக்கிற ஆம்பிளை வானிலையா கேட்பான்? செட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு போனில் பாட்டு போட்டுக்கொள்வான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் தொண்டை கிழியக் கத்தியும் இரண்டு போட்டுகள் காற்று எச்சரிக்கையைக் கேட்காமல் மாட்டிக்கொண்டு, யார் செய்த புண்ணியமோ, பிழைத்து வந்தன. அன்று ராத்திரி முழுக்க யோசித்தவள் மறுநாள் ஒரு வேலை செய்தாள். பேப்பரின் நாலாம் பக்கத்தில் தினமும் வரும் அறிவியல் குறுக்கெழுத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து ஆறு குறிப்புகளைப் படித்தாள். நடுவில் வானிலை. பிறகு மிச்சம் ஆறு. எவன் செட்டை அணைப்பான் பார்க்கலாம்!

ஒருத்தனும் அணைக்கவில்லை. தாழையடிக்காரனுக்குப் பசி பொறுக்கும், தெரியாது என்று ஒத்துக்கொள்வது மட்டும் பொறுக்காது.

"பத்து, மேலிருந்து கீழ். பூமியைச் சுற்றி வரும், மனிதன் செய்த கோள். ஏழு எழுத்து."

"ஜிபிஎஸ்!" ராஜராஜன் முந்திக்கொள்வான். எதற்கும் அவனுக்கு அதுதான் பதில்.

"அது உங்க கையில இருக்குற கருவி. மேல சுத்துறது என்ன?"

"சாட்டிலைட்டு அண்ணி."

"தமிழ்ல சொல்லுங்க. கட்டத்துல தமிழ்தான் எழுதணும்."

"எங்க ஜிபிஎஸ் திரையில இங்கிலீஷ்லதானே வருது? பேப்பர்காரன் கடலுக்கு வந்து பாக்கட்டும்" என்று ராஜராஜன் மல்லுக்கு நிற்பான். சேனல் முழுக்கச் சிரிப்பு. எல்லாம் அடங்கிய பிறகு கடைசியாக ஒரு குரல், அவசரமே இல்லாமல் வரும். "செயற்கைக்கோள்."

அது அமிர்தலிங்கம். நாகரத்தினத்தின் கணவர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் எஞ்சினைப் பிரித்து மணலில் பரப்பிவைத்து ஒரு நட்டுகூட மிச்சம் வராமல் திரும்பக் கூட்டுவார். 'ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை' என்று குறிப்பு வந்த அன்று, மற்றவர்கள் திருதிருவென்று முழிக்க, "சேனலை மாத்துனா என்னடா மாறுது? அதுதான். அதிர்வெண்" என்று சொல்லிவிட்டு மைக்கை வைத்தவர். உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகள் நாகரத்தினத்துக்கு, எந்திரம் சம்பந்தப்பட்டவை அவருக்கு. வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனுஷன் செட்டில் பேசுவதைக் கேட்பதற்காகவே அவள் சில குறிப்புகளுக்கு விடை தெரியாததுபோல் நடிப்பாள்.

மற்றப் போட்டுகளை அவள் ஆள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். 'ராஜராஜன் போட்டு', 'வீரமணி போட்டு' என்று. வீரமணி அவளுடைய கூடப்பிறந்த தம்பி. கணவர் போட்டை மட்டும் அப்படிக் கூப்பிட வாய் வராது. ஊரில் எந்தப் பெண்ணும் வீட்டுக்காரர் பேரைச் சொல்வதில்லை. நல்லவேளையாகப் போட்டுக்கு மகள் பேரை வைத்திருந்தார்கள். "பூமிகா, பூமிகா" என்பாள். சென்னையில் வேலை பார்க்கும் மகளைக் கூப்பிடுவதுபோல அவளுக்கும் ஒரு திருப்தி.

போன ஐப்பசியில் அமிர்தலிங்கத்தின் காலில் சிப்பி கிழித்தது. ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை. மயிலாடுதுறைக்குப் போகலாம் என்றாள். வேண்டாம், தஞ்சாவூருக்குப் போவோம் என்றார். மூன்று மணி நேரம் பஸ். காரணம் அப்புறம்தான் தெரிந்தது. பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் தாழையடி ஆள் ஒன்று இருக்கும். தஞ்சாவூரில் இருக்காது.

சுகர் முந்நூற்று நாற்பது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கும்பகோணம் தாண்டியதும், "யாருக்கும் தெரியக் கூடாது" என்றார்.

"சுகர் இல்லாத வீடு எதுங்க இருக்கு இப்போ?"

"கரையில இருக்குறவனுக்கு சுகர் வந்தா அது சுகர். கடல்ல நான் மயங்கி விழுவேன்னு தெரிஞ்சா எவன் என் போட்டுல ஏறுவான்? ரெண்டு ஆள் இல்லாம வலை இழுக்க முடியுமா?"

அதில் தப்பு சொல்ல முடியவில்லை. அவளுக்குத் தெரியும், கடலை எடுத்துவிட்டால் இந்த மனுஷனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. சரி என்றாள். அவர் கையில் அடித்துச் சத்தியமும் செய்துகொடுத்தாள். பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டாள். "தெனமும் முதல் குறிப்பு உங்களுக்குத்தான். வேற யாரும் சொல்லக் கூடாது. பதில் தப்பா இருந்தாலும் பரவாயில்ல. உங்க குரல் வந்தாகணும்."

"இது என்னடி கூத்து?" என்றார் அவர்.

கூத்து இல்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்த நர்சிடம் அவள் தனியாகப் போய்க் கேட்டிருந்தாள். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சர்ரென்று இறங்கிவிடும், வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், பார்க்கிறவர்கள் குடித்திருப்பதாக நினைப்பார்கள், உடனே இனிப்பு கொடுக்காவிட்டால் ஆபத்து என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். விடியுமுன் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர் கட்டிக்கொடுத்த இட்லியை எப்போது தின்கிறார் என்று கரையில் இருப்பவள் எப்படிக் கண்டுபிடிப்பது? குளுக்கோஸ் பொட்டலத்தைப் பையில் வைத்தால், ஆள்கள் பார்த்துவிடுவார்கள் என்று கரையிலேயே எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் போகிறார். குரல் ஒன்றுதான் அவளிடம் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. முதல் குறிப்பைப் படிப்பாள், அவர் பதில் சொல்வார், அவள் மூச்சை விடுவாள். ஒருநாள் முதல் குறிப்பே 'கணையம் சுரக்கும் ஹார்மோன், ஐந்து எழுத்து' என்று வந்து தொலைத்தது. இன்சுலின் என்று தானே கட்டத்தில் எழுதிவிட்டு, கடலுக்கு இரண்டாவதை முதலாவதாகப் படித்தாள்.

மாசி மாதம். உள்நாட்டில் சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. அன்று வானிலையில் சொல்ல ஒன்றுமே இல்லை. நாகரத்தினம் டீயைக் குடித்துவிட்டு மைக்கை எடுத்தாள்.

"பூமிகா, பூமிகா. ஒண்ணு, இடமிருந்து வலம். காற்றழுத்தத்தை அளக்கும் கருவி. நாலு எழுத்து."

எளிது. போன மாதம்கூட வந்த குறிப்பு. பதில் வரவில்லை. வலையில் கை வைத்திருப்பார் என்று நினைத்தாள். மறுபடி கூப்பிட்டாள். மைக் அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"நாலு... நாலுதானே? மூணு போச்சு... நாலு எடு, நாலு எடு..." என்று இழுத்தார். பிறகு சிரித்தார்.

செட்டில் அவர் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

சேனல் கலகலத்தது. "மச்சான் காலையிலயே ஏத்திட்டாரு போல!" என்றான் வீரமணி. "யாருக்கும் குடுக்காம தனியாவா அண்ணே?" என்றான் ராஜராஜன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன் குடித்திருக்கிறார் என்பதைவிடப் பெரிய வேடிக்கை அவர்களுக்கு என்ன வேண்டும்?

நாகரத்தினத்துக்கு நர்ஸ் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆனாலும் ஒரு நப்பாசை. தூக்கக் கலக்கமாக இருக்கக்கூடாதா?

"பூமிகா, இன்னொரு குறிப்பு. கவனமா கேளுங்க. நம்ம பொண்ணு பேரு. மூணு எழுத்து."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இப்படி ஒரு குறிப்பு எந்தப் பேப்பரிலும் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

"யாரு?" என்றார் அமிர்தலிங்கம், எரிச்சலாக. "யாரு நீ? சும்மா கூப்பிட்டுக்கிட்டு..."

அவ்வளவுதான். சத்தியமாவது, ஒன்றாவது. "அமிர்தலிங்கம்!" என்று கத்தினாள். "அமிர்தலிங்கம், மைக்கை மனோகரன்கிட்ட குடுங்க! மனோகரா, மனோகரா!"

மனோகரன் அவருக்குத் தம்பி முறை, அந்தப் போட்டில் வலை இழுக்கிற இருவரில் ஒருவன். மூச்சிரைக்க வந்தான். "அண்ணி, அண்ணன் உக்காந்துதான் இருக்காரு. தூக்கம்னு நெனச்சேன். சட்டையெல்லாம் நனஞ்சு போற மாதிரி வேர்த்து ஊத்துது."

"சாப்பிட்டாரா?"

"பை கட்டுனபடி கெடக்கு."

"அவருக்கு சுகர்டா. மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்தா இப்படித்தான் ஆகும். சீனி இருக்கா? மிட்டாய், எதாவது?"

"ஒண்ணும் இல்லையே அண்ணி!"

"எல்லாப் போட்டும் கேளுங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு சுகர். இப்ப எறங்கிப் போச்சு. குடிக்கல. அவரு குடிக்கல. பக்கத்துல யாருகிட்ட இனிப்பு இருந்தாலும் சீக்கிரம் போங்க."

"அக்கா, எங்கிட்ட ஜூஸ் பாட்டில் இருக்கு. வலையை மிதவையோட விட்டுட்டுப் போறேன். பத்தே நிமிஷம்" என்றான் வீரமணி. எஞ்சின் உறுமுவது செட்டிலேயே கேட்டது.

"மனோகரா, படுக்கப் போடாத. சாய்ச்சு உக்கார வை. முழுங்க முடியுதான்னு பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. கண்ணு தெறந்திருக்கா? சொல்லிக்கிட்டே இரு."

"தெறந்திருக்கு அண்ணி... தெறந்திருக்கு..."

பதினேழு போட்டுகள் வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிஷம் என்று அவன் சொன்னான். அவளுக்கு அது பத்து வருஷம். மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து வெற்றுக் கட்டத்தில் கோடு கோடாகக் கிழித்தாள். முருகா, முருகா என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு வீரமணி வந்துவிட்டான் என்றார்கள். குடிக்கிறார் என்றார்கள். பாதி சட்டையில் என்றார்கள். அப்புறம் கால் மணி நேரம் மனோகரன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான், அவளுக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

கடைசியில் மைக் கை மாறுகிற சத்தம்.

"பாரமானி" என்றார் அமிர்தலிங்கம்.

நாகரத்தினம் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அவர் கரைக்கு வந்தபோது ஊரே திரண்டு நின்றது. யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். சாப்பிட்டார், கை கழுவினார், அப்புறம்தான் வாயைத் திறந்தார். "நாப்பது வருஷமா கடல்ல எடுத்த பேரு. மூணு நிமிஷத்துல முடிச்சுட்ட."

"ஆமா, முடிச்சுட்டேன்" என்றாள் நாகரத்தினம். "நாளைக்கு அப்படி ஆனாலும் அதேதான் செய்வேன். பேரு இருந்து ஆள் இல்லாம நான் என்ன பண்றது?"

அவர் பதில் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்கு அடுத்த நாலு நாளும் சொல்லவில்லை. மனோகரனும் இன்னொரு ஆளும் வேலைக்கு வரவில்லை. வீட்டில் பெண்கள் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார்களாம். பூமிகா மணலில் கிடந்தது. அவர் பயந்தது அப்படியே நடந்துவிட்டது, அதைத் தன் வாயால் நடத்திவைத்தவள் தானே என்று நாகரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் பெண்கள் வேறு, சுகரை விட்டுவிட்டு, "பேரச் சொல்லிக் கூப்பிட்டாளாமே!" என்று அதைப் பிடித்துக்கொண்டார்கள். செட்டில் அவள் வானிலையை மட்டும் படித்தாள். குறுக்கெழுத்துப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டாள். யாரிடம் முதல் குறிப்பைக் கேட்பது?

ஐந்தாம் நாள் விடியுமுன் மனோகரன் அந்த இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "எங்க வீட்ல ஒரு கண்டிசன் போட்டுத்தான் அனுப்புனா. அண்ணன் சாப்பிடுறதை என் கண்ணால பாத்துட்டு வலையில கை வைக்கணுமாம்" என்றான் தலையைச் சொறிந்துகொண்டு. அமிர்தலிங்கம் முறைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். நாகரத்தினம் கட்டிக்கொடுத்த பையை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துக் கீழே போடவும் இல்லை.

ஏழு மணிக்கு அவள் வானிலை படித்தாள். தென்கிழக்குக் காற்று, அலை ஒரு மீட்டருக்குள், பயமில்லை. மைக்கை வைக்கப் போனாள்.

"அக்கா, குறுக்கெழுத்து எங்க?" என்றான் வீரமணி. "நாலு நாளா மூளை துருப்பிடிச்சுக் கெடக்கு."

அவள் பக்கத்தைப் பிரித்தாள். "பூமிகா, பூமிகா. ஒண்ணு, இடமிருந்து வலம்..."

"அண்ணி, ஒரு நிமிஷம்" என்று குறுக்கே வந்தான் ராஜராஜன். இந்த முறை ஜிபிஎஸ் என்று கத்தவில்லை. குரலை இறக்கிக்கொண்டு பேசினான். "ராஜராஜன் போட்டு. மாத்திரை போட்டாச்சு. அஞ்சு இட்லி சாப்பிட்டாச்சு. எனக்கு மூணு வருஷமா இருக்கு. சொன்னதில்ல, அதான் சொல்றேன்."

நாகரத்தினம் பேனாவை எடுத்தாள்.

இன்னொரு குரல் வந்தது. சாப்பிட்டாச்சு என்றது. அதற்கடுத்து இன்னொன்று. ஒருத்தர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுத்திருந்தார்கள். அவள் குறுக்கெழுத்துக் கட்டத்தின் ஓரத்தில் பேரை எழுதிக்கொண்டே வந்தாள். ஐந்து பேர். ஆறு பேர்.

"வீரமணி போட்டு" என்றது அடுத்த குரல். "கஞ்சி குடிச்சேன். எனக்கும் ஒன்றரை வருஷமா... திட்டாதக்கா."

"அடப்பாவி!" என்றாள் நாகரத்தினம். கூடப்பிறந்தவன்! ஒரு தெரு தள்ளித்தான் இருக்கிறான், வாரத்துக்கு இரண்டு முறை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அவள் கையால் பாயசம்கூட ஊற்றியிருக்கிறாள். "கரைக்கு வா, பேசிக்கிறேன்" என்றாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அலைச் சத்தம் மட்டும் செட்டில் லேசாகக் கேட்டது. அவள் பூமிகாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பதில் வராமல் போய்விடுமோ என்று பயம்.

"பூமிகா போட்டு" என்றார் அமிர்தலிங்கம், தானாகவே. "நாலு இட்லி. மனோகரன் எண்ணிப் பாத்தான்." மைக்கை வைக்கவில்லை. "நான் ஒருத்தன்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் இத்தனை நாளா."

நாகரத்தினம் அவர் பேரையும் ஓரத்தில் எழுதினாள். எட்டு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, முதல் குறிப்பை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.